அழுகைச் செல்வத்தைத் துறந்த அரசர் குமாரபாலர்

12-ஆம் நூற்றாண்டில் குஜராத்தின் தலைநகராக விளங்கியது அணஹில்லபாடகம். இன்று பாட்டண் என வழங்கும் நகர் அதுவே. அங்கே ஆண்மகவு இல்லாத வணிகர் ஒருவர் காலமானால் அவர் வீட்டுக்கு இரு வகையினர் வருவர். துக்கம் கேட்க உறவினர் வருவர். அவர்கள் கலைவதற்குள் அரசாங்க அலுவலரும் வந்து சேர்வர். பெட்டகம், பண்டசாலை, கணக்கோலை, கடன் பத்திரம் எதுவும் எஞ்சாமல் எண்ணப்பட்டு அரசரின் கருவூலத்துக்கு உரியதாகும். கணவனை இழந்த பெண்ணுக்கு உணவும் உடையும் கிடைத்தால் அது அரசரின் கருணை.

இவ்வாறு வந்து சேரும் பொருளை மிருததனம், அதாவது இறந்தோர் பொருள், என்றனர். ருததீவித்தம் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. அழுகின்றவளின் செல்வம் என்பது அதன் பொருள். இத்தகைய பெயரைத் தாங்கிய ஒரு வருவாயைத் தலைமுறை தலைமுறையாகக் கணக்கில் எழுதி வந்தவர்களுக்குக் கை கூசவில்லை என்பது வியப்பே.

அறநூல்கள் அனைத்தும் இவ்வழக்கத்துக்கு இடம் தந்தன என்று கூறிவிட முடியாது. மகனின்றி இறந்தவனின் சொத்துக்கு மனைவியை முதல் உரிமையாளராக யாக்ஞவல்கிய ஸ்மிருதி வைக்கிறது. ஆயினும் நடைமுறை வேறாக இருந்தது. காளிதாசரின் சாகுந்தல நாடகத்தில் கடலில் கப்பல் உடைந்து மாண்ட வணிகன் ஒருவனின் பொருள் அரசனைச் சேரும் என்று அமைச்சர் எழுதி அனுப்பும் இடம் ஒன்று வருகிறது. துஷ்யந்தன் நல்லவன், இறந்தவனின் மனைவியருள் எவளேனும் கருவுற்றிருக்கிறாளா என்று விசாரிக்கச் சொல்கிறான். கருவிலுள்ள குழந்தைக்கு உரிமை உண்டு என்பது தெரிந்ததும் மகிழ்கிறான். உயிரோடு நிற்கும் மனைவிக்கு உரிமை உண்டா என்ற வினா அங்கே எழவேயில்லை.

கள்வன் கவர்ந்தால் அரசனிடம் முறையிடலாம். அயலான் வேலியை நகர்த்தினாலும் அரசனிடம் முறையிடலாம். அரசனே வந்து கதவை முத்திரையிட்டால் ஒரு கைம்பெண் யாரிடம் முறையிடுவாள்? இவ்வினாவுக்குக் குஜராத்தில் விடை தந்தவர் சோலங்கி மரபின் குமாரபால மன்னர். அருகன் அறத்தைத் தழுவிய அரசர்களுள் அவர் பெயரை அறியாத சிராவகர் இலர். ஆனால் அவர் எழுப்பிய ஆலயங்களையும் உயிர்க்கொலைத் தடையையும் போற்றும் அளவுக்கு இந்த ஒரு செயலை நாம் போற்றுவதில்லை. அச்செயலின் வேர் அவர் பட்ட துன்பத்தில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவது முறை.

குமாரபாலரின் தந்தை திரிபுவனபாலர். முதலாம் பீமதேவருக்கும் கணிகையர் குலத்திலிருந்து அரசியான பகுளாதேவிக்கும் பிறந்த க்ஷேமராஜரின் வழியில் வந்தவர். அக்காலத்தில் அரியணையில் இருந்த சித்தராஜ ஜெயசிம்மர் பேரரசர்; மாளவத்தை வென்றவர். தாயார் மயணல்லாதேவியின் வேண்டுகோளுக்கு இணங்கிச் சோமநாத யாத்திரிகர் மீது விதித்திருந்த வரியை அவர் நீக்கினார் என்றும், ஆண்டுக்கு 72 இலட்சம் தந்து வந்த வரி அது என்றும் மேருதுங்கர் தம் பிரபந்த சிந்தாமணியில் எழுதுகிறார். அத்தகைய பெருந்தகைக்கும் ஒரு குறை இருந்தது. அவருக்கு மகன் இல்லை. தமக்குப் பின் குமாரபாலரே அரசாள்வார் என்று சோதிடர் கூறியதைக் கேட்ட நாள் முதல், கணிகை வழியில் வந்த ஒருவன் தம் ஆசனத்தில் அமர்வதா என்று சினந்து, அவரைத் தேடிக் கொல்ல ஆட்களை ஏவினார்.

பல ஆண்டுகள் குமாரபாலர் நாடோடியாகத் திரிந்தார். சடைமுடித் துறவியாக வேடம் பூண்டார். அவரைக் காத்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். ஆலிகன் என்னும் குயவன் தன் சூளைக்குள் அவரை மறைத்தான். உழவன் ஒருவன் வயலுக்கு வேலியிடக் குவித்திருந்த முட்களுக்கு அடியில் ஒளித்தான். வீரர்கள் வந்து அம்முட்குவியலை வேலால் குத்திப் பார்த்துச் சென்றனர். உணவின்றி வாடி நடந்தபோது, புகுந்த வீட்டிலிருந்து பிறந்தகம் செல்லும் வழியில் ஒரு பெண் அவரை உடன்பிறந்தானாகப் பாவித்துத் தயிர் கலந்த சோறு அளித்தாள். ஹேமசந்திர சூரி தம் இருப்பிடத்தில் ஓலைச்சுவடிகளுக்கு அடியில் அவரை மறைத்துக் காத்தார் என்பது பிரபாவக சரிதம் கூறும் செய்தி. படையோ பதவியோ இல்லாத எளியோரே அரசாங்கத்தின் கையிலிருந்து அவரைக் காப்பாற்றினர்.

அந்த நாட்களில் அவரும் ஓர் எளிய உயிருக்குத் தீங்கு செய்ய நேர்ந்தது. ஒரு மர நிழலில் அமர்ந்திருந்தபோது, எலி ஒன்று தன் வளையிலிருந்து வெள்ளிக் காசுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாயில் கவ்வி வந்து வெளியே வைப்பதைக் கண்டார். எல்லாவற்றையும் வெளியே கொணர்ந்து முடித்த எலி மீண்டும் ஒரு காசைக் கவ்விக்கொண்டு உள்ளே சென்றது. அந்நேரம் பார்த்து எஞ்சியவற்றை அவர் எடுத்துக்கொண்டார். திரும்பி வந்து காசுகளைக் காணாத எலி துயரம் தாங்காமல் அங்கேயே உயிர் நீத்தது. பிற்காலத்தில் அவர் மூஷக விகாரம் என்ற பெயரில் ஓர் ஆலயம் எழுப்பியது இதற்குக் கழுவாயாகவே என்பது மேருதுங்கர் தரும் வரலாறு. இக்கதையை வேடிக்கையாகச் சொல்லிக் கடப்போர் பலர். வலிமை உள்ளவன் தன் தேவைக்காக எடுத்துக்கொண்டான், பொருளை இழந்த உயிர் அழிந்தது என்ற அளவில் இதைப் பார்த்தால், அணஹில்லபாடகத்தில் முத்திரையிடப்பட்ட வீடுகள் நம் கண்முன் வராமற் போகா.

1143-இல் சித்தராஜர் மறைந்தார். அரசுரிமைக்கு உரியவராக மூவர் முன்வந்தனர். எங்ஙனம் ஆள்வாய் என்று கேட்டதற்கு ஒருவர் பெரியோர் சொற்படி என்று பணிந்து நின்றாராம். குமாரபாலரோ ஆடையை இறுக்கி வாளைப் பற்றியபடி அரியணையில் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 50 அளவில் இருக்கும். அவரை அரியணையேற்றப் பெரிதும் உதவியவர் உடன்பிறந்தாளின் கணவரான கிருஷ்ணதேவர். அந்த உரிமையில் அவர் அரசரின் பழைய வறுமையைச் சபையில் சுட்டி ஏளனம் செய்தார். ஒருமுறை தனிமையில் எச்சரித்த குமாரபாலர், அவர் அடங்காததைக் கண்டு மல்லர்களைக் கொண்டு அவர் உடலை முடக்கிக் கண்ணொளியையும் பறித்தார். இதனை மறைத்து எழுதுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. பின்னாளில் கருணையின் வடிவமாக நாம் காணும் அரசர் தொடக்கத்தில் இப்படியும் இருந்தார். சாகம்பரியின் அர்ணோராஜரோடும், கொங்கணத்து மல்லிகார்ஜுனரோடும், மாளவத்து எதிரிகளோடும் நடந்த போர்களை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும்.

துன்பக் காலத்தில் உதவியோரை அவர் மறக்கவில்லை. குயவன் ஆலிகனுக்குச் சித்திரகூடப் பகுதியில் ஊர்கள் கிடைத்தன. உழவன் மெய்க்காவலன் ஆனான். தயிர்ச்சோறு அளித்த பெண்ணின் நினைவாகக் கரம்ப விகாரம் எழுந்தது. கரம்பம் என்பது அவ்வுணவின் பெயர். சோற்றின் பெயரால் ஓர் அருகன் ஆலயம் அமைந்தது வேறெங்கும் உண்டோ?

ஹேமசந்திரரோடு அவருக்கு ஏற்பட்ட நெருக்கம் போர்கள் ஓய்ந்தபின் முதிர்ந்தது. 1088-இல் தந்துகா என்னும் ஊரில் பாஹிணி அம்மையாரின் மகனாகப் பிறந்து, இளமையிலேயே துறவு பூண்டு, கலிகால சர்வக்ஞர் என்று போற்றப்பட்ட அவ்வாசாரியர் அரசருக்காகவே யோக சாஸ்திரத்தை இயற்றினார். ஊனும் மதுவும் விலக்க வைத்தார். விக்கிரம ஆண்டு 1216-இல், அதாவது கி.பி. 1160 அளவில், குமாரபாலர் சிராவக விரதங்களை ஏற்றார் என்பது மரபு. விரதம் ஏற்ற இல்லறத்தானுக்கு அதத்தாதானம், அதாவது கொடாததை எடுத்தல், விலக்கப்பட்டது. ஒரு வணிகர் இந்த அணுவிரதத்தை எப்படிக் கைக்கொள்வார் என்பது நமக்குத் தெரியும். ஓர் அரசர் அதைக் கைக்கொண்டால் அவர் கருவூலத்தின் கதி என்ன? கைம்பெண் மனமுவந்து கொடுத்ததா அந்தப் பொருள்?

அந்த வினா அரசரின் வாசலுக்கு வந்த விதத்தை ஹேமசந்திரரே துவயாசிரய காவியத்தின் இறுதிச் சருக்கத்தில் பாடியுள்ளார். ஓரிரவு அரண்மனையில் உறங்கிக்கொண்டிருந்த அரசரின் செவியில் ஒரு பெண்ணின் அழுகை விழுந்தது. காவலரை அனுப்பாமல் தாமே எளிய உடையில் எழுந்து சென்றார். மரத்தடியில் ஒரு பெண் தூக்கிட்டு உயிர்விட முனைந்திருந்தாள். செல்வரின் மனைவி அவள். கணவர் இறந்தார், பின்னர் மகனும் இறந்தான். இனி வீட்டிலுள்ளதை அரசர் எடுத்துக்கொள்வார், தான் எதற்காக வாழ வேண்டும் என்றாள். தன் முன் நிற்பவர் யார் என்பது அவளுக்குத் தெரியாது. அரசர் உன் பொருளைத் தொடமாட்டார் என்று அவர் உறுதி கூறி, அவளைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பினார். விடிந்ததும் அமைச்சரை அழைத்து, மகனின்றி இறந்தோரின் பொருளை இனிக் கருவூலத்தில் சேர்க்கலாகாது என்று ஆணையிட்டார்.

காவியச் சுவைக்காக அமைந்த காட்சி என்று சிலர் கருதக்கூடும். இருக்கட்டும். ஆணை கற்பனை அன்று. ஹேமசந்திரர் அரசரின் காலத்தவர், அரசவைக்கு நெருக்கமானவர். தம் திரிஷஷ்டி சலாகா புருஷ சரித்திரத்தின் பத்தாம் பருவத்தில், வருங்காலத்தைப் பற்றிப் பகவான் மகாவீரர் அருளிய உரையாக அமைத்த பகுதியிலும் இச்செயலைச் சேர்த்திருக்கிறார். சில பத்தாண்டுகள் கழித்து எழுதிய சோமேசுவரர் சமணர் அல்லர். சோலங்கி அரசர்களின் வைதிக புரோகிதர் குலத்தவர். அவரும் தம் கீர்த்திகௌமுதியில் குமாரபாலர் இறந்தோர் பொருளைத் துறந்ததைப் பாராட்டுகிறார். மாற்றுச் சமயத்தவர் தரும் சான்றுக்கு மதிப்பு அதிகம்.

இச்செயலின் இயல்பைச் சற்று நின்று எண்ண வேண்டும். கைம்பெண்களுக்கு அவர் கருவூலத்திலிருந்து எதையும் வழங்கவில்லை. அறச்சாலை திறப்பதைவிட இது எளிது போலத் தோன்றும். உண்மையில் அரசுகளுக்கு இதைவிடக் கடினமானது வேறில்லை. பிறர் செய்யும் கொடுமையைத் தடுக்கும் ஆணையை எந்த அரசும் பெருமையோடு வெளியிடும். தானே செய்துவரும் கொடுமையை, அதுவும் ஆண்டுதோறும் பணம் தரும் கொடுமையை, வழக்கமென்று அனைவரும் ஏற்றுக்கொண்ட ஒன்றை, எவரும் கேட்காதபோது நிறுத்துவது அரிது. அதற்கு அரசருக்கு மறுபுறத்திலிருந்து அரசாங்கத்தைப் பார்த்த அனுபவம் வேண்டும். முட்குவியலுக்கு அடியில் கிடந்தவருக்கு அது இருந்தது.

ஹேமசந்திரர் பெயரால் வழங்கும் அர்ஹந்நீதி என்னும் சட்டநூலிலும் கணவனின் சொத்துக்கு மனைவிக்குள்ள உரிமை முதன்மையாகக் கூறப்படுகிறது. சமணரிடையே இந்த வழக்கம் எவ்வளவு ஊன்றி இருந்தது என்பதற்கு ஒரு சான்று மிகப் பிற்காலத்தது. 1878-இல் வட இந்தியச் சமணக் குடும்பம் ஒன்றின் வழக்கில், மகனில்லாத சமணக் கைம்பெண்ணுக்குக் கணவர் தாமே ஈட்டிய சொத்தில் முழு உரிமை உண்டு என்று லண்டன் பிரிவி கவுன்சில் ஒப்புக்கொண்டது. அக்காலத்தில் ஏனைய இந்துக் கைம்பெண்களுக்கு வாழ்நாள் அனுபவ உரிமை மட்டுமே இருந்தது.

வாயற்ற உயிர்களுக்கு அவர் அளித்த காவல் யாவரும் அறிந்தது. அமாரி என்ற கொல்லாமை ஆணையின் சுவடு கல்லிலும் உள்ளது. அவருக்கு அடங்கிய நட்டூல நாட்டுச் சௌகான் குறுநில மன்னர் ஆல்ஹணதேவர், கிராடு என்னும் ஊரில் 1152-ஆம் ஆண்டுக் கல்வெட்டில், அஷ்டமி, ஏகாதசி, சதுர்த்தசி நாட்களில் உயிர்க்கொலையைத் தடைசெய்து மீறுவோர்க்குத் தண்டமும் வகுத்தார். நாட்குறிப்பிட்டுத் தொடங்கிய தடை பின்னர் விரிந்தது. இதில் பலர் கவனிக்காத ஒரு செய்தியைத் துவயாசிரயம் பாதுகாத்துள்ளது. இறைச்சி விற்றுப் பிழைத்தோர் பிழைப்பை இழந்தபோது, மூன்று ஆண்டுகளுக்குப் போதுமான தானியத்தை அரசர் அவர்களுக்கு அளித்தார். ஆட்டைக் காக்கும் ஆணையால் ஆட்டை அறுத்து வயிறு வளர்த்தவனின் குழந்தை பட்டினி கிடக்கலாகாது என்று எண்ணிய ஆட்சி அது.

நவராத்திரியில் கண்டகேசுவரி தேவிக்கு ஆடுகளைப் பலியிடும் வழக்கத்தை அவர் நிறுத்திய முறையும் நயமானது. பூசாரிகள் விலங்குகளைக் கேட்டபோது மறுக்கவில்லை. உயிரோடு அவற்றைக் கோயிலுக்குள் விட்டுக் கதவைப் பூட்டினார். காலையில் திறந்தபோது ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. தேவிக்கு வேண்டுமாயின் இரவிலேயே எடுத்துக்கொண்டிருப்பாளே என்றார். சோமநாதர் ஆலயத்தைத் திரும்ப எழுப்பித்த அரசர் அவர் என்பதால், பிற சமயத்தை இழிவுபடுத்த இதைச் செய்தார் என்று எவரும் கூறமுடியாது.

ஆயினும் மேருதுங்கர் சொல்லும் மற்றொரு நிகழ்ச்சியில் என் மனம் ஒப்பவில்லை. சபாதலக்ஷ நாட்டு வணிகர் ஒருவர், மனைவி தலைவாரும்போது எடுத்துக் கொடுத்த பேனை நசுக்கினார். அமாரி ஆணையைக் காக்க நியமிக்கப்பட்ட அலுவலர் அவரைத் தலைநகருக்கு இழுத்து வந்தனர். அவர் சொத்து முழுவதும் பறிமுதலாகி, அதைக் கொண்டு யூகா விகாரம் என்ற ஆலயம் எழுந்ததாம். யூகா என்பது பேன். இந்நூல் எழுதி முடிக்கப்பட்டது 1305 அளவில். அரசர் மறைந்து 130 ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. ஆகவே கதை வளர்ந்திருக்கலாம். உண்மையாகவே இருப்பின், பேனை எடுத்துக் கொடுத்த அந்த மனைவி பிறகு எங்கே போனாள்? எத்தனையோ பெண்களின் வீட்டு வாசலிலிருந்து விலகிய அரசாங்கத்தின் கை, அவள் வீட்டுக்குள் புகுந்துவிட்டதே. சிற்றுயிருக்கு இரங்கிய ஆட்சி அவளையும் எண்ணியிருக்க வேண்டும்.

குமாரபாலரின் இறுதிக் காலம் துயரமானது. தாரங்கா மலையில் அஜிதநாத தீர்த்தங்கரருக்கு அவர் எழுப்பிய ஓங்கிய ஆலயம் இன்றும் நிற்கிறது. ஆனால் அவர் அரசை ஏற்று நடத்த அவருக்கு மகன் பிறக்கவில்லை. ஆண்மகவு அற்றோரின் வீடுகளைக் காத்தவர் தாமே ஆண்மகவு அற்றவராக இருந்தார். மகள் வயிற்றுப் பேரன் பிரதாபமல்லருக்கு முடிசூட்ட எண்ணினார். 1172-73 அளவில் ஹேமசந்திரர் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்தார். சில மாதங்களுக்குள் அரசரும் மறைந்தார். உடன்பிறந்தார் மகன் அஜயபாலர் அரியணையைக் கைப்பற்றினார். ஆசாரியரின் தலைமாணாக்கர் இராமசந்திர சூரி சித்திரவதைக்கு உள்ளாகி மாண்டார் என்றும், குமாரபாலர் எழுப்பிய ஆலயங்கள் சில இடிக்கப்பட்டன என்றும் சமண நூல்கள் கூறும்.

அந்த அஜயபாலரின் ஆட்சியில்தான், அவரிடமே பணிபுரிந்த யசபாலர் என்னும் சிராவகர் மோகராஜ பராஜயம் என்ற நாடகத்தை இயற்றினார். தாராபத்ரம், அதாவது இன்றைய தாராட் நகரின் குமார விகாரத்தில், பகவான் மகாவீரரின் திருவிழாவில் அது நடிக்கப்பெற்றது. அதன் மூன்றாம் அங்கத்தில் குபேரன் என்னும் பெருவணிகர் கடலில் மாண்டார் என்ற செய்தி வருகிறது. அவருக்கு மகன் இல்லை. பொருளை எடுத்துக்கொள்ள அலுவலரை அனுப்புமாறு நகரத்து வணிகரே வந்து அரசரிடம் சொல்கின்றனர். மேடையில் குமாரபாலர் அந்த மாளிகைக்குச் செல்கிறார். செல்வம் குவிந்து கிடக்கிறது. உள்ளே குபேரனின் முதிய தாய் குணஸ்ரீ அழுதுகொண்டிருக்கிறாள். அவர் எதையும் தொடாமல், அவளைத் தேற்றி, இந்தப் பொருள் தமக்கு வேண்டா என்று விடுக்கிறார். அதன்பின் இறந்ததாகக் கருதப்பட்ட மகன் வானூர்தியில் வந்து இறங்குகிறான்.